அணு உலையா, அனல் உலையா: ஆபத்தின் கணக்கு

"அணு உலை வெடித்தால் சுற்று வட்டாரமே காலியாகிவிடும். அனல்மின் நிலையம் தீப்பிடித்தால் சேதம் அந்த வளாகத்தோடு முடிந்துவிடும். அப்படியிருக்க, அணுமின்சாரம்தான் பாதுகாப்பானது என்று படித்தவர்களே எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மிக மோசமான ஒரு நாள் வந்தால் எது பெரிய நாசம் செய்யும் என்பது ஒன்று. ஒரே அளவு மின்சாரத்தைத் தருவதற்கு, நல்ல நாளும் கெட்ட நாளும் சேர்த்து, எது அதிகம் பேரின் உயிரைப் பறிக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நீங்கள் நினைக்கும் விடையே சரி. இரண்டாவது கேள்விக்கு விடை நிலக்கரி. அதுவும் நூலிழை வித்தியாசத்தில் இல்லை, பல மடங்கு வித்தியாசத்தில். மக்கள் முதல் கேள்வியைக் கேட்கிறார்கள், நிபுணர்கள் இரண்டாவதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது.

நான் தொழிலால் பாதுகாப்புப் பொறியாளன். முதலில் அனல்மின் நிலையத்தில் கொதிகலன், சாம்பல் பிரிவுகளின் பாதுகாப்பைக் கவனித்தேன். பிறகு அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறினேன். இரண்டு துறையிலும் சம்பளம் வாங்கியவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே நான் சொல்வதை எடைபோடுங்கள். நான் மருத்துவன் இல்லை. கீழே வரும் இறப்புக் கணக்குகள் மற்றவர்கள் ஆராய்ந்து சொன்னவை. அவற்றை வேலையில் படித்துப் பயன்படுத்தியவன் என்ற முறையில் மட்டுமே பேசுகிறேன்.

முதலில் எரிபொருளின் அளவைப் பாருங்கள். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் நாளொன்றுக்குச் சுமார் 10,000 டன் நிலக்கரியை எரிக்கும். சாம்பல் மிகுந்த மட்டமான நிலக்கரியாக இருந்தால் இன்னும் அதிகம். அதே திறனுள்ள அணு உலைக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 25 டன் எரிபொருள் போதும். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 25 டன் பொருளைக் கலனுக்குள் பூட்டி, எண்ணி, காவல் போட்டு வைக்க முடியும். ஆண்டுக்கு முப்பது நாற்பது லட்சம் டன் எரித்ததன் புகையையும் சாம்பலையும் எந்தக் கலனுக்குள்ளும் பூட்டிவைக்க முடியாது. அது காற்றுக்கும் குளத்துக்கும் நிலத்துக்கும்தான் போகும்.

காற்றுக்குப் போவதுதான் ஆளைக் கொல்கிறது. புகைபோக்கியில் கரும்புகை தெரிந்தால் மக்கள் பயப்படுகிறார்கள், தெரியாவிட்டால் நிம்மதியடைகிறார்கள். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் சாம்பலில் 99 சதவீதத்துக்கும் மேல், உயர் மின்னழுத்தத்தால் துகள்களை ஈர்த்துப் பிடிக்கும் வடிப்பான்கள் பிடித்துவிடுகின்றன. தப்பிப்பவை மிக நுண்ணிய துகள்கள். அவற்றோடு கந்தக டை ஆக்ஸைடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வாயுவாகவே வெளியேறி, காற்றில் மிதந்தபடி வேதிமாற்றம் அடைந்து புதிய நுண்துகள்களாகின்றன. அந்த மாற்றம் நடந்து முடிவதற்குள் அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவிடுகின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய இந்தத் துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை இறங்கும்; அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். விளைவு மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் நோய், நுரையீரல் புற்றுநோய். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதியிருப்பார்கள். எந்தப் புகைபோக்கியின் பங்கு எவ்வளவு என்று எழுத யாராலும் முடியாது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, இங்கே எந்த விபத்தும் நடக்கவில்லை என்பதைத்தான். அணு உலை கெட்டுப்போனால் தீங்கு செய்கிறது. நிலக்கரி உலை ஒழுங்காக ஓடும்போதே தீங்கு செய்கிறது. நீங்கள் உங்கள் கேள்வியில் விபத்தை விபத்தோடு ஒப்பிட்டீர்கள். ஒப்பிட வேண்டியது ஒன்றின் விபத்தை மற்றொன்றின் அன்றாடத்தோடு.

தொழிலாளர் பக்கம் இந்த வேறுபாட்டை நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன். கொதிகலனின் அடியில் சாம்பல் வந்து விழும் தொட்டி இருக்கும். சில நேரம் சாம்பல் உருகிக் கட்டிதட்டி வாயை அடைத்துக்கொள்ளும். அதைக் கிளிங்கர் என்போம். சிறு கதவைத் திறந்து நீண்ட இரும்புக் கம்பியால் குத்தி உடைப்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் பெரிய கட்டி அந்த நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரில் விழுந்தால், நீராவியும் கொதிக்கும் சாம்பலும் அந்தக் கதவு வழியாகவே சீறி வரும். அந்த வேலைக்கு நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. முகமூடி கொடுத்திருப்பார்கள், வெக்கையில் மூச்சுமுட்டுகிறது என்று கழற்றிவிட்டு ஈரத் துண்டை மூக்கில் கட்டியிருப்பார். அவர் அன்று எவ்வளவு தூசியைச் சுவாசித்தார் என்று எழுதிவைக்கும் பேரேடு எதையும் நான் பார்த்ததில்லை.

அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகும் ஒவ்வொருவரும், பெருக்குபவர் உட்பட, மார்பில் டி.எல்.டி. என்ற அளவுப் பட்டையை அணிய வேண்டும். அது குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆய்வகத்தில் படிக்கப்பட்டு, அவர் பெயரில் வாழ்நாள் கணக்காகச் சேரும். சர்வதேசப் பரிந்துரைப்படி தொழிலாளிக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). யாருடைய பட்டையாவது எதிர்பாராமல் சற்று அதிகம் காட்டினால், வரம்பைத் தொடாவிட்டாலும் விசாரணை நடக்கும். ஒரு துறையில் ஆபத்து ஆள்வாரியாக எண்ணப்படுகிறது, இன்னொன்றில் எண்ணப்படுவதே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எண்ணப்படும் ஆபத்துதான் பெரிதாகத் தெரிகிறது. இது எனக்குப் பல காலமாகவே உள்ள மனக்குறை.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரு டெராவாட் மணி என்பது 100 கோடி யூனிட். அந்த அளவு மின்சாரத்துக்கு நிலக்கரியால் சுமார் 25 பேர் அகால மரணமடைகிறார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு அதன் அடிப்படை. அணுமின்சாரத்துக்கு, சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் (1986), ஜப்பானின் ஃபுகுஷிமா (2011) அணு உலை விபத்துகள் இரண்டையும் சேர்த்து, சுமார் 0.03 பேர் என்று சொல்லப்படுகிறது. 1,000 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 டெராவாட் மணி தரும். அப்படியானால் சராசரிக் கணக்கில் அது நிலக்கரி நிலையமானால் ஆண்டுதோறும் சுமார் 170 உயிர்கள்.

இந்த எண்களை அப்படியே நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. 0.03 என்பதில் செர்னோபிலுக்குச் சில நூறு இறப்புகள்தான் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அது குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அதைத் தாழ்ந்த மதிப்பீடாகவே கருதுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்த செர்னோபில் மன்றம் 2005-இல், அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளான சுமார் 6 லட்சம் பேரிடையே காலப்போக்கில் 4,000 பேர்வரை இறக்கலாம் என்று கணித்தது. 30,000 முதல் 60,000 வரை சொன்ன ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் தாண்டி ஒரு லட்சம் பேர் என்றே வைத்துக்கொள்வோம். உலகின் அணு உலைகள் இதுவரை தந்திருக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒரு லட்சம் டெராவாட் மணி. ஆக, ஒரு டெராவாட் மணிக்கு ஒருவர். நிலக்கரியின் 25-க்கு முன்னால் அப்போதும் அது மிகச் சிறியது. செர்னோபில் பற்றிய எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் முடிவின் திசை மாறுவதில்லை. அதனால்தான் அதைப்பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

நிலக்கரிக்குச் சொன்ன 25 என்பதும் கல்லில் செதுக்கிய எண் இல்லை. கந்தகத்தை நீக்கும் அமைப்புகளும் நல்ல வடிப்பான்களும் உள்ள நிலையத்தில் அது வெகுவாகக் குறையும். இவை இல்லாத நிலையம் ஜனநெருக்கடி மிகுந்த இடத்தில் இருந்தால் ஏறும். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் 1999 முதல் 2020 வரை 65 வயது கடந்தவர்களிடையே மட்டும் நிலக்கரி மின்நிலையங்களின் நுண்துகள்களால் 4,60,000 பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது. அதிலேயே ஒரு நல்ல செய்தியும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு 43,000-ஐத் தாண்டியிருந்த எண்ணிக்கை, கட்டுப்பாடுகள் வந்தும் பழைய நிலையங்கள் மூடப்பட்டும் 2020-இல் சுமார் 1,600-ஆக இறங்கியது. ஆகவே நிலக்கரி என்றாலே இவ்வளவுதான் சாவு என்று விதி எதுவும் இல்லை. வடிப்பானுக்குச் செலவு செய்கிறோமா என்பதும் சேர்ந்த கணக்கு அது. இங்கே ஓர் எச்சரிக்கை: 1952 லண்டன் பனிப்புகையில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததை இந்த விவாதத்தில் அடிக்கடி இழுப்பார்கள். அதில் வீட்டு அடுப்புகளில் எரித்த நிலக்கரிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை முழுக்க மின்நிலையங்களின் தலையில் போடுவது நியாயமில்லை.

நிலக்கரியில் பெரிய விபத்தே கிடையாது என்பதும் சரியில்லை. பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1906-இல் 1,099 பேர் மாண்டார்கள். சீனாவின் பென்சிஹு சுரங்கத்தில் 1942-இல் 1,549 பேர். துருக்கியின் சோமாவில் 2014-இல் 301 பேர். வேல்ஸ் நாட்டின் ஆபர்ஃபானில் 1966-இல் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்ததில் இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். இவையெல்லாம் நடந்த ஊர்களுக்கு வெளியே மறக்கப்பட்டுவிட்டன.

இப்போது உங்கள் பயத்தின் மையத்துக்கு வருவோம். அணு உலை அணுகுண்டைப் போல் வெடிக்காது. அதன் எரிபொருளில் அதற்கான செறிவே கிடையாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உலையை நிறுத்திய பிறகும் அது சூடாகிக்கொண்டே இருக்கும். பிளவால் உண்டான பொருள்கள் தொடர்ந்து சிதைவதால், நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6 சதவீதத்துக்கும் மேல் மிச்சமிருக்கும். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அது ஏறக்குறைய 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் வந்துகொண்டிருக்கும். அதை அகற்றத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் ஓடப் பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்தால் எரிபொருள் உருகும். அணுமின் நிலையப் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்தச் சங்கிலியைக் காப்பதுதான்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் முறையாக நின்றுவிட்டன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரம் கழித்து வந்த சுனாமி, தாழ்வான தளங்களில் வைக்கப்பட்டிருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. மூன்று உலைகள் உருகின. அதே கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா அணுமின் நிலையம் உயரமான தரையில் கட்டப்பட்டிருந்ததால் தப்பியது. வீடிழந்த அக்கம்பக்கத்து மக்கள் அந்த நிலையத்துக்குள்ளேயே அடைக்கலம் புகுந்தார்கள். ஒரே அலை, ஒரே தொழில்நுட்பம். தரையின் உயரத்தை முடிவு செய்தவர்களின் முன்யோசனைதான் வேறு.

செர்னோபில் வேறு வகை. தண்ணீர் ஆவியானால் சக்தி கூடும்படியான வடிவமைப்பு. உலையை நிறுத்துவதற்காக இறக்கிய கட்டுப்பாட்டுத் தண்டுகளே முதல் சில வினாடிகளில் சக்தியை ஏற்றிவிட்டன. உலையைச் சுற்றிக் கனத்த கான்கிரீட் கவசக் கட்டடமும் இல்லை. 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியும் வெளியே பெரும் பாதிப்பு இல்லாமல் போனதற்கு அப்படியொரு கவசக் கட்டடமே முக்கியக் காரணம். செர்னோபிலில் கடும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளானவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களில் இறந்தார்கள். வெடிப்பன்று இறந்தவர்கள் இருவர். மறுக்க முடியாத இன்னொரு பாதிப்பு குழந்தைகளின் தைராய்டு புற்றுநோய். 2005 வரை 6,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. அவர்களில் 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பாலின் வழியாக வந்த வினை அது. புல்லில் படிந்த அயோடின்-131 பசுவின் பாலில் இறங்கியது. அதன் அரை ஆயுள் எட்டே நாள். சில வாரங்கள் உள்ளூர்ப் பாலைக் குடிக்காதீர்கள் என்று உடனே அறிவித்திருந்தால் பெரும்பாலான குழந்தைகள் தப்பியிருப்பார்கள். சோவியத் அரசு மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபுகுஷிமாவில் இதற்கு நேர்மாறு. பொதுமக்களிடையே கதிர்வீச்சால் நேரடியாக உண்டான உடல்நலக் கேடு எதுவும் பதிவாகவில்லை என்பது ஐ.நா. அறிவியல் குழுவின் முடிவு. தொழிலாளி ஒருவரின் நுரையீரல் புற்றுநோய் மரணத்துக்கு ஜப்பான் அரசு 2018-இல் இழப்பீடு ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளியேற்றமும் அதன் பின்விளைவுகளும் அந்த மாகாணத்தில் 2,300-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின. பெரும்பாலோர் முதியவர்கள். முதல் நாட்களில் மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் பேருந்துகளில் அவசரமாக ஏற்றப்பட்ட நோயாளிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வழியிலோ போய்ச் சேர்ந்த உடனேயோ இறந்தார்கள். சரியான ஏற்பாடு செய்யும்வரை அவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதே இன்று பாதுகாப்புத் துறையில் பெரும்பாலோர் கருத்து. இந்த மரணங்களை அணு விபத்தின் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டால், சேர்க்கத்தான் வேண்டும் என்பேன். விபத்து இல்லையென்றால் அந்தப் பேருந்துகள் புறப்பட்டிருக்காது.

சந்தேகத்துக்குரிய பகுதியையும் சொல்லிவிடுகிறேன். இயற்கையிலிருந்தே நாம் எல்லோரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் புற்றுநோய் வாய்ப்பு கூடுவது நன்கு நிறுவப்பட்டது. அதற்குக் கீழே விளைவு மிகச் சிறியது. மற்றக் காரணங்களால் வரும் புற்றுநோயிலிருந்து அதைப் பிரித்துக் காண்பது கடினம். கதிர்வீச்சு எவ்வளவு குறைந்தாலும் அதே விகிதத்தில் ஆபத்து இருக்கும் என்று பாதுகாப்புக்காக வைத்துக்கொள்கிறோம். முன்னே சொன்ன 4,000 போன்ற எண்கள் அந்த அனுமானத்தில் பிறந்தவை. நுண்துகள் மரணங்களும் புள்ளியியல் மதிப்பீடுகள்தான். ஆனால் பல நாடுகளில், லட்சக்கணக்கானோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் அவற்றின் பின்னே நிற்கின்றன. அந்த ஆதாரம் வலுவானது.

இறப்புக் கணக்குக்குள் அடங்காத இழப்புகளும் உண்டு. செர்னோபிலால் சுமார் 3,50,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். தலைமுறைகளாக உழுத நிலத்தை விட்டுப் போனவருக்கு "டெராவாட் மணிக்கு 0.03" என்று சொல்வது ஆறுதலாகாது. போரில் அணுமின் நிலையம் சிக்கினால் என்னவாகும் என்ற கவலை 2022 முதல் உக்ரைனின் ஜப்போரிஷியாவில் நிஜமாகியிருக்கிறது. கடந்தகாலச் சராசரியை வைத்து இதை அளக்க முடியாது. யுரேனியச் சுரங்கத்தையும் மறைக்கக்கூடாது. காற்றோட்டம் இல்லாத பழைய சுரங்கங்களில் ரேடான் வாயுவைச் சுவாசித்து, அமெரிக்காவின் நவஹோ பழங்குடித் தொழிலாளர்கள் உட்படப் பலர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். அணு ஆதரவாளர்கள் பேசத் தயங்கும் பக்கம் இது.

கழிவு விஷயத்தில் நான் பலரைவிடக் குறைவாகக் கவலைப்படுகிறேன். உலகம் முழுவதும் இதுவரை உலைகளிலிருந்து வெளியே எடுத்த எரிபொருள் சுமார் 4 லட்சம் டன். அது திடப்பொருள், இருக்கும் இடம் தெரியும், பாறைக்குள் 400 மீட்டருக்கும் ஆழத்தில் புதைக்க ஃபின்லாந்து சுரங்கமே தோண்டியிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் காக்க வேண்டும் என்பது உண்மைதான். நிலக்கரிச் சாம்பலில் உள்ள ஆர்செனிக்கும் பாதரசமும் எத்தனை ஆயிரம் ஆண்டானாலும் சிதைவதில்லை. அவற்றைத் திறந்த குளத்தில் கொட்டுகிறோம். 2008-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு சாம்பல் குளத்தின் கரை உடைந்து 40 லட்சம் கன மீட்டர் சேறு ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. நிலக்கரிச் சாம்பலிலும் கதிரியக்கம் உண்டு, அணு உலையைவிட அதிகம் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. சாதாரண நாட்களில் வெளியே போவதை மட்டும் ஒப்பிட்டால் அதில் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே இயற்கைப் பின்னணிக்கு முன் மிகச் சிறியவை. சாம்பலுக்கு அஞ்ச வேண்டிய காரணம் அதன் தூசியும் கன உலோகங்களும்தான். பருவநிலையைப் பற்றி இங்கே நீட்டவில்லை. ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி சுமார் ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது, அணுமின்சாரம் கட்டுமானம் எல்லாம் சேர்த்தும் 12 கிராம் அளவில்தான். சூரிய ஒளியும் காற்றாலையும் பாதுகாப்பில் அணுவின் வரிசையிலேயே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிவு இந்த இரண்டுக்குள் மட்டும் அடங்குவதில்லை.

எனவே, இரண்டில் ஒன்றின் அருகே குடியிருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். அனல்மின் நிலையம் என்றால், கந்தக நீக்க அமைப்பு இருக்கிறதா, இருந்தும் ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். வடிப்பான் பழுதான நாட்களில் உற்பத்தியைக் குறைக்கிறார்களா, சாம்பல் குளத்துக்கு அடிப்படலம் போட்டிருக்கிறார்களா, பக்கத்துக் கிணற்று நீரை யார் சோதிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அணுமின் நிலையம் என்றால், மாற்று மின்சார ஏற்பாடு வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா, கண்காணிக்கும் அமைப்பு நிலையத்தை நடத்துபவர்களின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறதா, அவசரகாலத் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் விடாதீர்கள், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.